வம்சத்துப் பல்லும் வந்த வழியும்

வாசகி கேள்வி:

காவேரிப்பட்டணம் பக்கம் பிறந்து பாலக்கோடு பக்கம் வாழ்க்கைப்பட்டவள் நான். என் மகளுக்கு 22 வயது. மாந்தோப்பு வைத்திருக்கும் என் அண்ணனின் மகனுக்குத்தான் அவள் என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. கல்லூரியில் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமில் அவளுக்கு 'பீட்டா தலசீமியா ட்ரெய்ட்' என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் 'கேரியர்' என்றார், இன்னொருவர் 'ஜெனடிக்' என்றார். அண்ணி காதுக்குப் போய்ச் சேரும்போது அது 'பரம்பரை வியாதி' ஆகிவிட்டது. என் மாமியாரோ, "எங்க வம்சத்துல இப்படி யாருக்குமே கிடையாது, உன் வழியில வந்ததுதான்" என்கிறார். இதே மாமியார்தான் என் மகனின் பழுப்புக்கோடு விழுந்த பல்லைப் பார்த்து, "எங்க வம்சத்துப் பல்லு, அப்பனை உரிச்சு வச்சிருக்கான்" என்று பெருமைப்படுவார். மகளுக்கு என்னைப் போல வெள்ளைப் பல். அவள் மூன்றாம் வகுப்பு வரை என் அம்மா வீட்டில் வளர்ந்தவள். என் மகள் நோயாளியா? இந்த 'ட்ரெய்ட்'டை அண்ணியிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் நோயாளி இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் மாமியார் இரண்டு விஷயங்களையும் நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வம்சத்துச் சொத்து என்று அவர் கொண்டாடும் அந்தப் பல், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், போர்வெல் தண்ணீரில் வந்தது. வம்சத்தில் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்கிறாரே, அந்த ரத்தம்தான் வம்சத்தில் வந்தது. அது அவர் வம்சமா உங்கள் வம்சமா என்பதை அவரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. ஒரு சொட்டு ரத்தம் சொல்லிவிடும்.

பல்லை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்கு அடியில் இருந்து வரும் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அதாவது பிறந்ததிலிருந்து ஏறத்தாழ 8 வயது வரை, அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமலில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் விழும். அதற்குப் பிறகு எவ்வளவு குடித்தாலும் பல்லில் புதிதாகக் கோடு விழாது (எலும்பை அது விடாது, அது வேறு கதை). அதனால்தான் கல்யாணமாகி 20 வயதுக்கு மேல் அந்த ஊருக்கு வந்த உங்கள் பல் வெள்ளையாகவே இருக்கிறது. உங்கள் மகள் எட்டு வயது வரை உங்கள் அம்மா ஊர்த் தண்ணீர் குடித்தாள், பல் வெள்ளை. மகன் அங்கேயே பிறந்து அங்கேயே வளர்ந்தான், பல் பழுப்பு. ஒரே அப்பா, ஒரே அம்மா, தண்ணீர் மட்டும் வேறு. உங்கள் வீட்டில் தெரியாமலே நடந்த இந்தச் சோதனையை நான் மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லலாம்.

சந்தேகம் இருந்தால் இன்று சாயந்திரம் தெருவில் விளையாடும் பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். உங்களோடு எந்த உறவும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கோடு இருந்தால், அது வம்சத்துப் பல் இல்லை, ஊர்ப் பல். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்தபின் காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் பல்லையும் அண்ணன் அக்கா பல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனாமலே சரியாக உருவாகாத பரம்பரைக் குறை என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அபூர்வம். பல் மருத்துவர் பார்த்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், உங்கள் வீட்டுக் குழப்பம் முழுவதும் சொற்களில்தான் இருக்கிறது. பிள்ளை பெற்றோரைப் போல இருப்பதைச் சொல்ல நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜாடை, சாயல், முகவெட்டு, உடல்வாகு, அச்சு அசல், உரிச்சு வச்சது. தாயைப் போல பிள்ளை நூலைப் போல சேலை. இவை எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற ஒற்றுமையைத்தான் சொல்கின்றன. எந்த வழியாக வந்தது என்பதை ஒன்றுகூடச் சொல்லாது. அப்பா மாதிரியே பல், அப்பா மாதிரியே நடை, அப்பா மாதிரியே முன்கோபம், அப்பா மாதிரியே சுகர் என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பல் தண்ணீரில் வந்திருக்கலாம். நடை பார்த்துப் பழகியதாக இருக்கலாம். முன்கோபத்தில் பாதி வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது. சுகர், வரக்கூடிய உடல்வாகோடு சாப்பாடும் உட்கார்ந்த வேலையும் சேர்ந்து வருவது. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்துப் பிள்ளை மூன்று வயதில் தெலுங்கு பேசுகிறது. அதை யாரும் ரத்தத்தில் வந்தது என்று சொல்வதில்லை. பேச்சு விஷயத்தில் தெளிவாக இருக்கிறோம், பல் விஷயத்தில் குழம்பிவிடுகிறோம்.

அடுத்து 'பிறவி' என்ற சொல். பிறவியிலேயே இருந்தது என்றால் பிறக்கும்போதே இருந்தது என்று மட்டும்தான் பொருள். கர்ப்ப காலத்தில் அம்மாவுக்கு வந்த ருபெல்லா அம்மையால் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காமல் போகலாம். அது பிறவிக்குறை, பரம்பரை இல்லை, அந்தக் குழந்தையின் பிள்ளைக்கு அது போகாது. தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் மஞ்சள்காமாலைக் கிருமியும் அப்படித்தான், அதன் பெயர் தொற்று. இதற்கு நேர் எதிராக, பரம்பரையாக வருகிற சிலது பிறக்கும்போது தெரியவே தெரியாது, 40 வயதில் தலை காட்டும். ஆக, பிறவியும் பரம்பரையும் ஒன்றில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் "பிறவியிலேயே இருந்ததா?" என்று கேட்டுவிட்டுப் பரம்பரை என்று முடிவுகட்டிப் போவதை நிறையவே பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் மகளின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். தலசீமியா என்பது ரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத நோய்.

'ட்ரெய்ட்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு நம் பள்ளிப் பாடநூலில் 'பண்பு' என்று இருக்கும். தாவரம் உயரமா குட்டையா என்பது ஒரு பண்பு, விதை உருண்டையா சுருங்கியதா என்பது ஒரு பண்பு. பாடத்துக்கு அது சரி. ஆனால் "உங்க பொண்ணுக்குத் தலசீமியா பண்பு இருக்கு" என்றால் அண்ணிக்கு என்ன புரியும்? நமக்குப் பண்பு என்றால் பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது. ஆய்வுக்கூட ரிப்போர்ட்டில் வரும் 'ட்ரெய்ட்'டுக்குப் பொருளே கொஞ்சம் வேறு. அங்கே அது, நோய் இல்லை, நோயைக் கொடுக்கும் மாற்றத்தில் ஒரு பிரதி மட்டும் இவரிடம் இருக்கிறது என்று சொல்லும் அடையாளம்.

'கேரியர்' என்றாலும் அதேதான். கேரியர் என்றதும் நமக்கு டிபன் கேரியர்தான் ஞாபகம் வரும், அது கெட்ட உதாரணமும் இல்லை. கேரியரைத் தூக்கிக்கொண்டு போகிற பையனுக்கு அதனால் வயிறு நிறைவதில்லையே. ஆனால் தமிழில் எழுதுகிறவர்கள் இதை 'நோய்க்கடத்தி' ஆக்கிவிடுகிறார்கள். அந்தச் சொல்லை மட்டும் உங்கள் வீட்டு வாசலுக்கே விடாதீர்கள். மலேரியாவைப் பரப்பும் கொசுவுக்கும் அதே பெயர்தான். கல்யாண வயதுப் பெண்ணைக் கொசுவோடு சேர்த்து நிறுத்தியது போலாகும். அதோடு, தொட்டால் ஒட்டும், கூட இருந்தால் பரவும் என்று கேட்கிறவர் நினைப்பார். தலசீமியா அப்படிப் பரவுவதில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்ற ஒரே ஒரு வழிதான் அதற்கு.

நான் என் நோயாளிகளிடம் 'பங்கு' என்றுதான் சொல்கிறேன். நிலத்தில் பங்கு என்றால் நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. ஹீமோகுளோபினின் ஒரு பாகத்தைச் செய்யும் மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பங்கு: அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. உங்கள் மகளுக்கு ஒரு பங்கு நன்றாக வேலை செய்கிறது, இன்னொன்று சரியாக வேலை செய்வதில்லை. நல்ல பங்கு ஒன்று போதும், வண்டி ஓடும். இரண்டு பங்கும் பழுதாக இருந்தால்தான் தலசீமியா நோய். இனி நான் வெறுமனே 'பங்கு' என்றால் இந்தப் பழுதான பங்கைத்தான் சொல்கிறேன். அந்தக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் ரத்தம் குறையத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். நிலத்துப் பங்குக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம். நிலத்தைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தால் அப்பனிடம் இருக்காது. இது கொடுத்த பிறகும் கொடுத்தவரிடம் அப்படியே இருக்கும். அதனால்தான் உங்களிடமோ உங்கள் கணவரிடமோ இப்போது தேடினாலும் கிடைக்கும்.

பாடநூலில் 'ஓங்கு', 'ஒடுங்கு' என்று இரண்டு சொற்கள் வரும், உங்கள் மகளைக் கேட்டால் சொல்வாள். மெண்டல் பட்டாணிச் செடியை வைத்து 1866-இல் எழுதியது. உயரச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால் முதல் தலைமுறையில் குட்டை காணாமல் போய்விட்டது. அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றாகத் திரும்பி வந்தது. எங்கும் போகவில்லை, ஒடுங்கிக் கிடந்தது. 'ஒடுங்கு' என்பது எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குவதைத்தான் நினைத்துக்கொள்வேன், உள்ளேதான் இருக்கிறது, தலை மட்டும் தெரியவில்லை. உங்கள் மாமியாரின் "எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது" என்ற பேச்சு இங்கேதான் அடிபட்டுப் போகிறது. ஒரு பங்கு உள்ளவருக்கு நோயே வராது. வராத நோயை ஏழு தலைமுறைக்கும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்கவில்லை என்பதற்காக இல்லை என்றாகிவிடாது.

ஆனாலும் ரிப்போர்ட்டில் தடயம் இருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள். 'ஹீமோகுளோபின் ஏ2' என்று ஒரு வரி இருக்கும். வழக்கமாக அது 3.5 சதவீதத்துக்குள் இருக்கும், ஒரு பங்கு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் 4-ஐத் தாண்டும். 'எம்சிவி' என்ற எண் சிவப்பணுவின் அளவு. 80-க்கு மேல் இருக்க வேண்டியது இவர்களுக்கு 60, 70 என்று இருக்கும். அணு சின்னது, ஆனால் எண்ணிக்கை அதிகம். ரத்தம் கொஞ்சம் குறைவாகக் காட்டும். இதைப் பார்த்துவிட்டுச் சத்துக் குறைவு என்று வருடக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள், ஏறவே ஏறாது. உங்கள் மகளுக்கோ உங்களுக்கோ அப்படி நடந்திருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். இரும்புச்சத்து உண்மையிலேயே குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் ஒழிய அந்த மாத்திரை வேண்டாம்.

இப்போது கல்யாணப் பேச்சு. "உன் வழியா, என் வழியா" என்ற சண்டையை நான் விலக்கச் சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் அதுதான் சரியான கேள்வி. சண்டை போடுவதற்காக இல்லை, கணக்குப் போடுவதற்காக. மகளுக்கு வந்த பங்கு உங்கள் கணவர் கொடுத்தது என்றால், உங்கள் அண்ணனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் சொந்தத்திற்குள் கட்டியிருந்தால் தவிர, அண்ணன் மகனுக்கு அந்தப் பங்கு இருக்கும் வாய்ப்பு ஊரில் யாருக்கும் இருக்கும் வாய்ப்புத்தான். இந்தியாவில் நூற்றுக்கு 3, 4 பேருக்கு இந்தப் பங்கு இருக்கிறது. நீங்கள் கொடுத்தது என்றால் கதை வேறு. உங்களுக்கு உங்கள் அப்பாவோ அம்மாவோ கொடுத்திருக்கிறார். அதே ஆள் உங்கள் அண்ணனுக்கும் கொடுத்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அண்ணனிடமிருந்து அவர் மகனுக்குப் போயிருக்க அதில் பாதி, நாலில் ஒன்று. சொந்தத்தில் கட்டுவதால் நோய் புதிதாக முளைப்பதில்லை. ஒரு தாத்தாவிடமிருந்து இரண்டு கிளையாகப் பிரிந்து போன ஒரே பங்கு, திரும்ப ஒரு வீட்டில் வந்து சந்தித்துக்கொள்ள வழி அதிகம், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் நீங்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிசோதனையின் பெயர் 'ஹெச்பிஎல்சி', கூடவே சாதாரண ரத்த எண்ணிக்கையும். அரசு மருத்துவமனையில் கேளுங்கள், அங்கேயே செய்வார்களா, மாதிரி எடுத்து வெளியே அனுப்புவார்களா என்று சொல்வார்கள். நேரடியாக அண்ணன் மகனையே பரிசோதித்தால் ஒரே நாளில் விடை தெரியும்தான். ஆனால் பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் முதலில் செய்துகொண்டு போய்ப் பேசினால் அந்தப் பேச்சின் நிறமே வேறு.

அண்ணியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணி, பொண்ணுக்கு நோய் எதுவும் இல்ல. ரத்தத்துல தலசீமியாவோட ஒரு பங்கு இருக்கு. ரெண்டு பங்கு சேர்ந்தாத்தான் நோய். அது என்கிட்ட இருந்து வந்துச்சா, அவங்கப்பாகிட்ட இருந்து வந்துச்சான்னு நானே டெஸ்ட் பண்ணிட்டேன். உங்க பையனும் ஒருதடவ பண்ணிக்கட்டும், அவனுக்கு இல்லன்னா நமக்குக் கவலையே இல்ல." இதில் 'பரம்பரை' என்ற சொல் வரவில்லை, பொய்யும் வரவில்லை. 'வியாதி' என்ற சொல்லோடு ஒட்டி ஒட்டிப் 'பரம்பரை' கெட்டுப்போய்விட்டது. பரம்பரை நிலம், பரம்பரை வைத்தியர் என்னும்போது பெருமையாக இருந்த சொல்தான்.

உங்கள் அண்ணனிடம் பேச வேறு வழி இருக்கிறது. அவர் மாமரக்காரர். மல்கோவா கொட்டையைப் புதைத்து அதே மல்கோவாவைப் பறித்தவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். விதைக்குப் பாதி தாய் மரம் கொடுத்தது, மீதிப் பாதி எந்த மரத்து மகரந்தமோ. அதனால்தான் தோப்பு வைக்கிறவர்கள் கொட்டையை நம்பாமல் ஒட்டுக் கன்று வாங்குகிறார்கள். நீலமும் தசேரியும் சேர்ந்து மல்லிகா வந்தது, அது நீலமும் இல்லை, தசேரியும் இல்லை. 'விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா' என்ற பழமொழியைச் சொன்னவர் மாந்தோப்பு வைத்தவராக இருக்க முடியாது.

அண்ணன் மகனுக்கு அந்தப் பங்கு இல்லை என்று வந்துவிட்டால் தாராளமாகக் கல்யாணத்தை நடத்துங்கள். பிள்ளைகளுக்குத் தலசீமியா நோய் வராது, சிலருக்கு ஒரு பங்கு போகலாம். இருக்கிறது என்று வந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இரண்டு பங்கும் சேர்ந்து நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. இந்த 'நாலில் ஒன்று' நம் ஆட்களை ஏமாற்றிவிடும். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குக் கவலையில்லை என்று கணக்குப் போடுவார்கள். அப்படிக் கிடையாது. தாயக்கட்டையை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் உருட்டுகிறோம். போன முறை விழுந்தது அதற்கு ஞாபகம் இருக்காது. அந்த நிலையிலும் அவர்கள் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தால், கர்ப்பத்தின் 10 முதல் 12 வாரத்துக்குள் கருவின் திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அதற்கு முன்னாலேயே மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட வேண்டும். முடிவு அந்தப் பெண்ணும் பையனும் எடுக்க வேண்டியது. அதில் நானும் நுழைய மாட்டேன், உங்கள் மாமியாரும் நுழையக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

வெளியில் கொடுத்தாலும் வருகிற மாப்பிள்ளைக்கு இதே பரிசோதனை வேண்டும். சொந்தம் இல்லை என்பதால் பங்கு இருக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அப்புறம், பல்லைப் பற்றிய பேச்சில் உங்கள் மகனை மறந்துவிடாதீர்கள். அக்காவுக்கு வந்த பங்கு அவனுக்கும் வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. இன்றைக்கு அவசரம் ஒன்றுமில்லை, அவன் கல்யாணப் பேச்சு தொடங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள். பழுப்புக் கோட்டைப் பல் மருத்துவரிடம் மெருகேற்றியோ பூச்சுப் போட்டோ மறைத்துக்கொள்ளலாம். வீட்டில் இன்னும் போர்வெல் தண்ணீர்தான் சமையலுக்கும் குடிக்கவும் என்றால், காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். காவிரித் தண்ணீர் வருகிற குழாயிலிருந்து பிடித்து வையுங்கள்.

உங்கள் ரிப்போர்ட் வந்ததும் ஏ2 வரியில் என்ன எண் இருக்கிறது, எம்சிவி என்ன என்று இரண்டை மட்டும் எழுதி அனுப்புங்கள். உங்கள் எண் சாதாரணமாக இருந்தால் அடுத்து உங்கள் கணவர் கையை நீட்டட்டும். அவருக்கு இருந்தால் அவருடைய தங்கை, அக்கா பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சேதியை மாமியாரிடம் யார் சொல்வது என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள்.